சுரங்கத்துக்குள் ஒரு வலம்

என் மனைவியின் சப்பாத்துகளை நான் எத்தனையோ கோயில் வாசல்களில் கண்டிருக்கிறேன். கழற்றினால் சோடியாக, நுனி வெளிப்பக்கம் பார்க்க, ஓரமாக வைப்பாள். திரும்பி வரும்போது நேரே காலை நுழைக்கலாம் என்பது அவளுடைய யோசனை. அன்றைக்கும் அப்படித்தான் வைத்திருந்தாள். ஆனால் அது கோயில் வாசல் அல்ல. மனிதர் கைவிட்டுப் போன ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் வாய். சப்பாத்து வெளியே இருந்தது, அவளைக் காணவில்லை.

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிட்னியில், டூங்கபியில். நான் பாண் போடும் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. அதிகம் படித்தவன் இல்லை. எங்கள் ஒரே மகள் மருந்தாளர் படிப்பு முடித்ததும், மேற்கே பாலைவனத்தின் ஓரத்தில் இன்னும் சுரங்கம் நடக்கிற ஒரு பட்டினத்தில் வேலை கிடைத்தது. காரில் போனால் ஒரு முழுப் பகலும் போதாத தூரம். "அங்க ஆர் இருக்கினம்?" என்று நான் கேட்டேன். "மனிசர்தான் அப்பா" என்றாள். அவள் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, நான் லீவு எடுத்துக்கொண்டு மனைவியோடு பார்க்கப் போனேன்.

பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். குசினி அலுமாரியின் மேல்தட்டில் முருகன் படம் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் தாய்க்காரிக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை மகளுக்கு வேலை இல்லை. "வாங்கோ, உங்களுக்கு ஒரு கோஸ்ட் டவுன் காட்டுறன்" என்றாள். ஆட்கள் விட்டுப்போன பழைய சுரங்க ஊர் என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

"பேய் பாக்கிறதுக்கு வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போறாய்?" என்றாள் என் மனைவி.

"பேயும் லீவில போயிட்டுது அம்மா. வெறும் தகரமும் கல்லும்தான்."

என் மனைவிக்கு வெள்ளி விரதம். மத்தியானம் ஒரு நேரம் மட்டும் சோறு. அவளுக்குச் சீனி வருத்தம், காலையில் இன்சுலின் ஊசி போடுகிறவள். இந்த விரதத்துக்கும் அந்த ஊசிக்கும் இடையில் எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் ஒரு சண்டை. அன்று மகளின் முறை.

"ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் இருக்கேலாது அம்மா."

"கடவுள் பாப்பார்."

"கடவுள் ஃபார்மசி படிக்கேல்லை."

"அவர்தான் உன்னைப் படிப்பிச்சவர். வாயை மூடு."

கடைசியில் ஒரு வாழைப்பழம் தின்றாள். மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடுவது என்று பேச்சு. அவளுடைய கைப்பையில் பிஸ்கட்டும் ஜூஸ் பெட்டியும் எப்போதும் இருக்கும், அதனால் நானும் பேசாமல் விட்டேன்.

அவளுக்கு இன்னொன்றும் உண்டு. சீனி வருத்தம் கால்களில் இறங்கி, பாதத்தில் உணர்ச்சி அனேகமாகப் போய்விட்டது. முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. வெறும் காலோடு வீட்டுக்குள்ளேயே நடக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அவர் எழுதித் தந்து வாங்கிய கனத்த சப்பாத்துதான் அது.

தார் ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கியதும் தொலைபேசியில் சிக்னல் போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த மண், சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரப் பற்றைகள், ஈ. அந்த ஈக்கள் மனிதரின் கண்ணீரைக் குடிக்கத்தான் வருகின்றன போல நேரே கண்ணுக்குள் வந்தன. ஊர் என்று சொன்ன இடத்தில் ஒரு செங்கல் புகைக்கூண்டு, கூரை இல்லாத ஒரு ஹோட்டல் சுவர், மடங்கிக் கிடந்த தகரங்கள், துருப்பிடித்த ஒரு கொதிகலன், சிலுவை முறிந்த சில புதைகுழிகள். அதற்கு அப்பால் ஒரு கல்லுக் குன்று. குன்றின் உடம்பு முழுவதும் தோண்டிய துளைகள்.

காரை நிறுத்திய இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. மகள் வாசித்துச் சொன்னாள். "திறந்த குழிகள் இருக்காம். பாதையை விட்டு விலக வேண்டாமாம். சுரங்கத்துக்குள்ள போக வேண்டாமாம்."

"போறதுக்கு ஆருக்குப் பைத்தியம்?" என்றேன் நான்.

ஹோட்டல் சுவர்வரை ஏறிப் பார்க்க மகள் கூப்பிட்டாள். மனைவி, "வெய்யிலுக்குள்ள என்னால ஏலாது, நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் கார் நிழலில நிக்கிறன்" என்றாள். நாங்கள் போனோம். மேலே நின்று மகள் எனக்கு எல்லாம் காட்டினாள். வெள்ளி எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே இருந்தார்களாம், பிறகு பெரிய சுரங்கம் வேறு இடத்தில் திறந்ததும் வீட்டுத் தகரத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எனக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டவில்லை. விட்டுப்போன வீடுகளைப் பார்க்க, சண்டையில் ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

இறங்கி வந்தபோது கார் நிழலில் அவள் இல்லை. கைப்பை பின் ஆசனத்தில் கிடந்தது.

"அம்மா!" என்று மகள் கூப்பிட்டாள். குன்று அந்தச் சொல்லைத் திருப்பித் தந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. ஒதுங்கப் போயிருப்பாள் என்று கொஞ்சம் பொறுத்தோம். பிறகு நான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நான் கண்ட முதல் குழிக்குக் கம்பி வலை போட்டிருந்தது. இரண்டாவதற்கு வலை இல்லை, சுற்றிவர நட்ட மரங்கள் உக்கி உள்ளே சரிந்திருந்தன. கிட்டப் போய் எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் விடவும் பயம். தரையில் படுத்து ஊர்ந்து போய்த் தலையை நீட்டினேன். கறுப்பு. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயந்தேனோ, வராமல் போய்விடுமோ என்று பயந்தேனோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் மகள் கத்தினாள். "அப்பா! இஞ்ச வாங்கோ! அம்மான்ர ஷூஸ்!"

குன்றின் அடியில் ஆள் நிமிர்ந்து போகக்கூடிய உயரத்தில் ஒரு வாய். அதன் ஓரத்தில் சப்பாத்து, சோடியாக, நுனி வெளியே பார்த்தபடி. மகளின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏன் அப்பா கழட்டினவ? ஏன் கழட்டி வைச்சவ?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவள் இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. குழியின் கரையில் கழற்றி வைத்த சப்பாத்துக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று.

"இல்லை பிள்ளை, அப்பிடி இல்லை" என்றேன். "உள்ளுக்கு ஏதோ சாமி இருக்குது."

என் தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். காட்டாடுகள் வந்து படுக்கிற இடம் போல, புழுக்கை நாற்றம். கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நடுவில், கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட ஒரு பெரிய கல்தூண், ஒரு அறை அளவு தடிப்பம். அதன் முகத்தில் மார்பு உயரத்தில் ஒரு மாடம் குடைந்து, உள்ளே கை அளவு மாதா சிலை. நீலச் சாயம் உரிந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர் வைத்ததோ, பிறகு வந்தவர்கள் வைத்ததோ. வெளியே வெயில் சரிந்து விழுகிற நேரத்தில், அந்தச் சிலை வாசலில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியும்.

மாதாவின் காலடியில், வெளியே பற்றைகளில் நான் கண்ட மஞ்சள் பூ ஒன்று இருந்தது. இன்னும் வாடவில்லை.

கும்பிட்டிருக்கிறாள். சரி. கும்பிட்ட பிறகு எங்கே? என் மனம் அவளுடைய மனம் போன வழியில் போனது. அவளோடு இத்தனை வருடம் கோயிலுக்குப் போனவன் நான். சாமியைக் கண்டால் அவள் கும்பிட்டதோடு திரும்புகிறவள் இல்லை. அரச மரத்தடியில் ஒரு கல்லைக் கண்டாலும் சுற்றி வருவாள். தூணின் இரண்டு பக்கமும் பாதை இருக்கிறது. சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற வேண்டுமென்றால் இடப்பக்கத்தால்தான் போக வேண்டும்.

"சுத்தி வரப் போயிருக்கிறா" என்றேன்.

"வாட்? சுரங்கத்தைச் சுத்தியா?"

நான் அவளைக் கூப்பிட்டேன். "இஞ்சேரும்! எங்க நிக்கிறீர்?"

தூணுக்குப் பின்னாலிருந்து, வலப்பக்கமாக, மெல்லிய சத்தம் வந்தது. "இஞ்சேருங்கோ... வராதேங்கோ... இஞ்ச நிலத்தில ஒரு கிடங்கு."

மகள் அழத் தொடங்கினாள். நான் வலப்பக்கப் பாதையால் சத்தத்தை நோக்கிப் போனேன். தூணின் மூலையில் திரும்பியதும் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. முதுகைத் தூணோடு ஒட்டிக்கொண்டு, வெறும் காலோடு நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, ஒரு அடி எடுத்தாள்.

"நில்!" என்று கத்தினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளை அப்படி அதட்டியதில்லை.

அவளுக்கும் எனக்கும் இடையில் தரை இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை ஒரு குழி. மேலே பழைய பலகைகள் போட்டிருந்தன, பாதிப் பலகை விழுந்து, மிச்சம் உக்கி நின்றது. வெளிச்சத்தைக் குழிக்குள் பிடித்தேன், அவள் பார்க்கட்டும் என்று. அடி தெரியவில்லை.

"போன் விழுந்திட்டுது" என்றாள். "லைற்றும் அதிலதான். விழுந்து கனநேரத்துக்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. அதுக்குப் பிறகு நான் அசையேல்லை. எனக்குக் கால் எங்க நிக்குதெண்டு தெரியேல்லையப்பா. மண்ணில நிக்குதோ, பலகையில நிக்குதோ தெரியேல்லை."

"கல்லில சாஞ்சபடி மெல்ல இரும். இரும், அப்பிடியே."

இருந்தாள். மகளுக்கு அறிவு வேலை செய்தது. "நான் மேல் ரோட்டுக்குப் போய் சிக்னல் எடுத்து அவசர உதவிக்கு ட்ரிபிள் சீரோ அடிக்கிறன். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ அப்பா. ப்ராமிஸ் பண்ணுங்கோ." தாயைப் பார்த்து, "அம்மா, டோன்ட் மூவ்" என்றாள். ஓடினாள். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மகள் கேட்ட சத்தியத்தை நான் உடனே மீறினேன். இடப்பக்கப் பாதையால் மனைவி போன வழியைப் பார்க்கப் போனேன். அங்கே கூரையைத் தாங்கிய மரம் ஒன்று சரிந்து, மேலிருந்து கல்லும் மண்ணும் வழிந்து பாதையை அடைத்திருந்தது. அடியில் ஒரு இடைவெளி. அவள் சின்ன உடம்புக்காரி, குனிந்து போய்விட்டாள். நான் தோளை வைத்து நுழையப் பார்த்தேன். மரம் முனகியது. கற்கள் பொலபொலவென்று என் கழுத்தில் விழுந்தன. உள்ளேயிருந்து அவள், "ஐயோ முருகா!" என்று கத்தினாள். பின்வாங்கினேன். நான் நுழைந்தால் இருந்த வழியும் மூடிவிடும்.

ஆகவே காத்திருக்க வேண்டியதுதான். வலப்பக்கம் திரும்பிப் போய்க் குழியின் இந்தக் கரையில் இருந்தேன். பேச்சுக் கொடுத்தேன்.

"மாதாவைச் சுத்த வேணுமெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"தனிய நிண்டா, பாவம். ஒருத்தரும் இல்லாத இடத்தில ஒரு தாய்."

"அவவுக்குத் துணைக்கு நீரும் நிக்கப் பாத்தீரோ?"

சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஊரைப் பற்றி, மகளுக்குப் பார்க்க வேண்டிய மாப்பிள்ளையைப் பற்றி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வென்ட்வேர்த்வில் கடையில் முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன்.

"என்ன?"

"மாப்பிள்ளை எந்த ஊர் எண்டு கேட்டனான்."

"வேர்க்குது" என்றாள். அங்கே குளிர். என் கை மயிர் சிலிர்த்து நின்றது. "கை நடுங்குது. நித்திரை வருது... நித்திரை வருதப்பா."

எனக்கு விளங்கிவிட்டது. ஊசி போட்டிருக்கிறாள், ஒரு வாழைப்பழத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறாள். சீனி இறங்குகிறது. பிஸ்கட்டும் ஜூஸும் கைப்பையில், கைப்பை காரில், கார் மலைக்கு அப்பால். மகள் ஓடும்போது ஒரு சொல் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே. மயங்கினால் இருந்த இடத்தில் சரிவாள். சரிகிற பக்கம் குழி.

"இஞ்சேரும், நித்திரை கொள்ளாதேயும்! நீர் வந்த வழியாலேயே திரும்பி வர வேணும். இப்ப."

"நடக்க மாட்டன். கால் தெரியேல்லை."

"நடக்க வேண்டாம்." எனக்கு அப்போது எங்கிருந்து அது வந்தது என்று கேட்டால், முருகன் தந்தான் என்றுதான் சொல்வேன். "அடி அழிச்சு வாரும்."

எங்கள் ஊர்த் திருவிழாவில், சாமிக்குப் பின்னால் ஆண்கள் வெறும் மேலோடு மண்ணில் உருளுவார்கள். பெண்கள் அடி அழிப்பார்கள். முழங்காலில் இருந்து, கையை நீட்டி நிலத்தில் ஊன்றி, நெற்றியால் நிலத்தைத் தொட்டு, தொட்ட இடத்துக்கு முழங்காலைக் கொண்டுபோய், மறுபடி கையை நீட்டி. அப்படியே வீதி முழுவதும் வருவார்கள். பிள்ளை வரம் கேட்டு இவளும் ஒரு வருடம் செய்தவள். அவளுடைய கையில் உணர்ச்சி இருக்கிறது, நெற்றியில் இருக்கிறது. கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யட்டும்.

"கையை வைச்சு அமத்திப் பாரும். கெட்டியான நிலம் எண்டால்தான் முழங்காலை எடும். இடது தோள் தூணை விட்டு விலகப்படாது. தூண்தான் கோயில் சுவர், விளங்குதோ?"

"விளங்குது." நாக்குத் தடித்த குரல்.

தொலைபேசியைக் குழியின் இந்தக் கரையில் ஒரு கல்லில் சாத்தி, வெளிச்சம் அவள் பக்கம் விழும்படி வைத்தேன். அதை விட்டுவிட்டு நான் சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் திரும்பி, மாதாவுக்கு முன்னால் ஓடி, இடப்பக்க இடைவெளியின் வாயில் போய்க் குப்புறப் படுத்தேன். உள்ளே நான் காணக்கூடியது ஒன்றும் இல்லை. வெளிச்சம் அவளுக்கு முதுகுப் பக்கம், அவளுடைய நிழலே அவளுக்கு முன்னால் விழும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"கந்தனுக்கு!" என்று கூப்பிட்டேன்.

சத்தம் இல்லை.

"கந்தனுக்கு!"

"அரோகரா..." தூரத்தில்.

பிறகு காப்புச் சத்தம். அவளுடைய கையில் இரண்டு தங்கக் காப்பு, கல்லில் பட்டால் கிணுங்கும். கிண். அமைதி. முழங்கால் இழுபடுகிற சத்தம். கிண். ஒவ்வொரு கிண்ணுக்கும் நான் அவளைக் கூப்பிட்டேன், ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் அரோகரா சொன்னாள். மாதாவின் முதுகுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் முருகனுக்கு அரோகரா போட்டோம். அந்தத் தாய் கோபித்திருக்க மாட்டாள்.

திடீரென்று காப்பு நின்றது.

"கந்தனுக்கு!"

இல்லை.

"கந்தனுக்கு! எடியே, சொல்லு!"

"பலகை" என்றாள். "இஞ்சயும் பலகை. கை வைக்க ஆடுது."

இந்தப் பக்கமும் ஒரு குழியா? போகும்போது வெறும் காலோடு அதற்கு மேலால் நடந்துதான் போயிருக்கிறாள், ஒன்றும் அறியாமல்.  "தூண் பக்கம் தடவும். தூணுக்கும் பலகைக்கும் நடுவில நிலம் இருக்குதோ எண்டு பாரும்."

அவள் கல்லைத் தடவுகிற சத்தம் கேட்டது. ஒரு கல் எங்கோ உருண்டு, உருண்டு, விழுந்த சத்தமே கேட்காமல் போயிற்று.

"இருக்குது. ஒரு முழம் இருக்கும்."

"அது போதும். ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு, நெஞ்சைத் தூணோட வைச்சு வாரும்."

"களைக்குது. கொஞ்சம் படுத்திட்டு வாறனே."

"படுக்கப்படாது! பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? எனக்கு ஆர் இருக்கினம்? கந்தனுக்கு!"

 "அரோகரா" என்றாள், குழந்தை சொல்வது போல. கிண். தேய்கிற சத்தம். சேலையோ தோலோ. கிண். நான் இடைவெளிக்குள் கையைத் தோள்வரை விட்டு, விரல்களை விரித்து வைத்திருந்தேன். மண் மேலிருந்து சிறிது சிறிதாகக் காதுக்குள் கொட்டியது. வெகு நேரத்துக்குப் பிறகு, ஈரமாய், குளிர்ந்து, ஏதோ என் விரலைத் தொட்டது. அவளுடைய நெற்றி.

மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்தேன். மரம் மறுபடி முனகியது. "குனியும், குனியும்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். இடுப்புவரை வந்ததும் கக்கத்தில் கை கொடுத்து ஒரே இழுவையாக வெளியே எடுத்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டிக் கல் விழுந்தது. தூசிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். நான் தூக்கினேன் என்று சொல்வது சரியில்லை. அந்த வயதில் என் முதுகுக்கு அது ஏலாத காரியம்.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. மகள் இறங்கி, எங்கள் கோலத்தைக் கண்டதும் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜூஸ் பெட்டியில் குழாயைக் குத்தித் தாயின் வாயில் வைத்தாள். "உறிஞ்சுங்கோ அம்மா. உறிஞ்சுங்கோ." ஒன்று முடிய இரண்டாவது. விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தாள், எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். 

பிறகு ஆரஞ்சு உடுப்போடு மீட்புப் படைக்காரர்கள் வந்தார்கள். தொண்டர்கள், உள்ளூர் ஆட்கள். அவளுடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்த பெரியவர் விசில் அடித்தார். குதிகாலில் ஒரு பழைய ஆணி, தலை மட்டும் வெளியே தெரிய, ஏறியிருந்தது. "இஸ் இட் ஹர்ட்டிங், லவ்?" என்று கேட்டார். என் மனைவி குனிந்து ஆணியைப் பார்த்து, "இது எப்ப?" என்று என்னைக் கேட்டாள்.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்து, காயத்தைக் கழுவி, சேலைன் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். எலும்பு தப்பிவிட்டது, கால் இருக்கும் என்று டொக்டர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம் சொன்னாள். தாதி ஒருத்தி வந்து, எதற்காக அந்தத் தூணைச் சுற்றிப் போனார் என்று கேட்டாள். மகள் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஷீ வாஸ் ப்ரேயிங்" என்று முடித்தாள்.

சோறு கொண்டுவந்தார்கள். விரதம் முறிந்து போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கடைசிக் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள்.

"நான் சுத்தி முடிக்கேல்லை என்னப்பா. அரைவாசியில திரும்பிட்டன். பிழைப் பக்கத்தால வந்திட்டன்."

"மாதாதான் திருப்பி அனுப்பினவ எண்டு நினையும்."

"எண்டாலும் மனதுக்குச் சரியில்லை. கால் காயம் மாறின பிறகு..."

"அம்மா," என்றாள் மகள், "நோ. ஜஸ்ட் நோ. அந்த ஓட்டைக்கு அவை நாளைக்கே கம்பிக் கதவு அடிக்கப்போகினம். சாவியை நானே வாங்கி விழுங்குவன்."

மூன்று பேரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் முழங்கால்கள் ஆடத் தொடங்கின. முதலில் சிரிப்பில்தான் என்று நினைத்தேன். பிறகு கை, பிறகு தாடை. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. கதிரையின் கையைப் பிடித்தேன், கதிரையும் சேர்ந்து ஆடியது. சுரங்கத்துக்குள் எனக்கு வராத நடுக்கம், அந்த வெள்ளைச் சுவர் அறையில், எல்லாம் முடிந்த பிறகு வந்து பிடித்துக்கொண்டது.

மகள் பயந்து தாதியைக் கூப்பிட எழும்பினாள். அவளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என் மனைவி கட்டிலில் இருந்தபடியே என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து அமத்திப் பிடித்தாள். அவளுடைய நகக்கண்களில் இன்னும் அந்தச் சிவப்பு மண் இருந்தது.

"இப்ப ஏனப்பா நடுங்கிறியள்?" என்றாள். "நான்தான் வந்திட்டனே."

"ஓம்" என்றேன்.  அவள் பிடியை விடவில்லை.